படமா, பாறையா, களமா? கோள் நிலவியல் ஆய்வுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

எம்.எஸ்சி. நிலவியல் கடைசிப் பருவத்தில் இருப்பவர்கள் கோள் நிலவியல் பக்கம் திரும்பும்போது முதலில் கேட்பது, "இந்தியாவிலா, வெளிநாட்டிலா?" என்பதுதான். அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. அடுத்த ஐந்து ஆண்டுகள் எதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். விண்கலம் அனுப்பிய படங்களா, விண்கல் துண்டுகளா, அல்லது வேறு கோளின் நிலத்தை ஒத்த பூமியின் பாறைகளா? இந்த மூன்றும் வேறுவேறு வேலைகள். தேவைப்படும் திறன், ஆகும் செலவு, ஆய்வு தடைபடும் இடம் எல்லாமே மாறும். மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் பணியில் ஆர்வம் இருந்தால், அதற்குக் கிடைக்கும் வாய்ப்பும் இதைப் பொறுத்தே அமையும். நாடும் நிறுவனமும் இதற்குப் பிறகு ஏறக்குறைய தானாகவே சுருங்கிவிடும்.

படம்

தொடங்குவதற்கு மிக மலிவான வழி இது. நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்திலிருந்து யாரும் படங்களை இறக்கிக்கொள்ளலாம். 2009இல் ஏவப்பட்ட, நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலத்தின் குறுங்கோணக் கேமரா, நிலாவை ஒரு பிக்சலுக்கு சுமார் அரை மீட்டர் நுட்பத்தில் எடுத்திருக்கிறது. செவ்வாய்க்கு, அதைச் சுற்றும் நாசா கலத்தின் கேமராக்கள் எடுத்த, 6 மீட்டர் நுட்பத்தில் சி.டி.எக்ஸ். படங்களும், 25 முதல் 30 சென்டிமீட்டர் நுட்பத்தில் ஹைரைஸ் படங்களும் உள்ளன. சந்திரயான்-2 தரவுகளை இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பெறலாம். அதில் உள்ள ஐ.ஐ.ஆர்.எஸ். நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) 0.8 முதல் 5 மைக்ரான் வரை அளக்கிறது. இந்த எண்ணைக் கவனியுங்கள். சந்திரயான்-1 சுமந்து சென்ற எம்-க்யூப் கருவி 3 மைக்ரானோடு நின்றுவிட்டது. நீர், ஹைட்ராக்சில் ஆகியவற்றின் உறிஞ்சுபட்டை (அவை ஒளியை உறிஞ்சும் அலைநீளப் பகுதி) விழுவது 2.8 முதல் 3 மைக்ரான் பகுதியில். அங்கே நிலாத் தரையின் வெப்ப உமிழ்வும் கலந்துவிடும். எதிரொளித்த சூரிய ஒளி எவ்வளவு, தரையின் சூடு எவ்வளவு என்று பிரிக்க எம்-க்யூப் தரவு போதாமல்தான், நிலாவின் நண்பகல் நீர் பற்றி ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. 5 மைக்ரான் வரை அளந்தால் வெப்பப் பகுதியைத் தனியே மதிப்பிட முடிகிறது. முனைவர் பட்டத்துக்கு ஏற்ற நல்ல கேள்விகள் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் இருக்கின்றன.

கணினி: 32 ஜிபி நினைவகம், 2 டெராபைட் சேமிப்பு இருந்தால் போதும். குறுங்கோணக் கேமராவின் ஒரு படம் கச்சா நிலையில் கால் ஜிபி அளவில் இருக்கும். அளவீடு திருத்தி, நிலப்பட வீழலுக்கு மாற்றியபின் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். மென்பொருள்களில் பெரும்பாலானவை இலவசம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஐசிஸ், நாசா ஏம்ஸ் மையத்தின் ஸ்டீரியோ பைப்லைன், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேமார்ஸ், எல்லோருக்கும் தெரிந்த கியூஜிஐஎஸ் ஆகியவற்றோடு முழு ஆய்வையும் முடிக்கலாம். ஐசிஸ் லினக்ஸில்தான் ஒழுங்காக ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். விண்கலத்தின் இருப்பிடக் கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கினால் வட்டு நிரம்பிவிடும். தொடக்கத்தில் அவற்றை இணையத்திலிருந்து நேரடியாக எடுக்கும் தெரிவை இயக்கி வேலையைத் தொடங்கலாம்.

எங்கே தவறுகிறது? முதல் இடம், பூமிக்கு அமைத்த மென்பொருளை அப்படியே பயன்படுத்துவது. கியூஜிஐஎஸ் திட்டத்தில் நீள்கோளம் (கோளின் வடிவ அளவு) பூமியுடையதாகவே விட்டுவைத்தால், நிலாவில் அளக்கும் நீளம் 3.7 மடங்கும் பரப்பு 13 மடங்கும் பெரிதாகக் காட்டும். நிலாவின் ஆரம் 1737.4 கிலோமீட்டர் என்று திட்ட அமைப்பில் கொடுத்தாக வேண்டும். மோதற்பள்ளங்களை எண்ணி வயது கணிக்கும் (பள்ளம் கூடினால் தரை பழையது) ஆய்வில், பள்ளத்தின் விட்டம் சரியாக இருந்து பரப்பு மட்டும் பிழையானால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பள்ளம் என்ற கணக்கே கவிழ்ந்து, மிக இளமையான வயது வந்து நிற்கும். செவ்வாயில் வேறொரு சிக்கல். பழைய வரைபடங்கள் மேற்குத் தீர்க்கரேகையும், தரைக்குச் செங்குத்தான கோட்டை வைத்து அளக்கும் அட்சரேகையும் கொண்டவை. இப்போதைய தரவுகள் கிழக்குத் தீர்க்கரேகையும், கோளின் மையத்திலிருந்து அளக்கும் அட்சரேகையும் கொண்டவை. செவ்வாய் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், நடு அட்சப் பகுதியில் இந்த இருவகை அட்சரேகைகளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை வித்தியாசம் வரும். தரையில் அது 20 கிலோமீட்டர். பழைய கட்டுரையில் சொன்ன இடத்தைத் தேடிப்போனால் வேறொரு பள்ளத்தில் போய் நிற்பீர்கள்.

பள்ளம் எண்ணுவது எளிய வேலையாகத் தெரியும். உண்மையில் அது கண்ணுக்கும் பொறுமைக்கும் வைக்கும் சோதனை. விட்டத்தில் குறைந்தது பத்துப் பிக்சலாவது இருக்கும் பள்ளங்களை மட்டும் எண்ணுவது பாதுகாப்பு. சி.டி.எக்ஸ். படத்தில் இது 60 மீட்டர். சூரியன் உச்சியில் இருந்தபோது எடுத்த படத்தில் நிழல் விழாது, ஆழமற்ற பள்ளங்கள் கண்ணிலிருந்து தப்பிவிடும். ஒரு பெரிய மோதலில் சிதறிய கற்கள் உண்டாக்கிய இரண்டாம்நிலைப் பள்ளங்கள் சங்கிலியாகவும் கொத்தாகவும் கிடக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் தரை இல்லாத முதுமையைக் காட்டும். ஒரே பரப்பை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடாத ஆய்வை நாங்கள் நம்புவதில்லை.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு. உங்கள் கையில் இருக்கும் அதே படம் பெர்லினிலும் பெய்ஜிங்கிலும் உள்ள மாணவரிடமும் இருக்கிறது. தரவு யாருக்கும் தனியுரிமை இல்லை என்பதால், கேள்விதான் உங்களுடையதாக இருக்க வேண்டும். "இந்தப் பள்ளத்தின் கனிம வரைபடம்" என்ற அளவில் நிற்கும் ஆய்வு, பட்டம் வாங்கித் தரும், அடுத்த வேலையை வாங்கித் தராது.

பாறை

கையில், ஒளி புகும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்த பாறைத்துண்டான தின் செக்‌ஷன் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தே வளர்ந்த நிலவியல் மாணவருக்கு இயல்பாகப் பொருந்துவது விண்கல் ஆய்வு. தமிழ்நாட்டுத் துறைகளில் பாறையியல் அடித்தளம் பொதுவாக நன்றாகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு நிரல் எழுதக் கற்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

இந்தியாவுக்கு இந்தத் துறையில் பழைய வரலாறு உண்டு. 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த கல்லின் பெயரால்தான், செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களின் பெரும் வகைக்கே ஷெர்காட்டைட் என்று பெயர். கொடைக்கானல் பெயரில் ஓர் இரும்பு விண்கல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்டது. இரும்புக்குள் சிலிக்கேட் துண்டுகள் பொதிந்திருப்பதும், அந்தத் துண்டுகளின் வயது சூரிய மண்டலத்தின் வயதைவிட வெகுவாகக் குறைவாக, சுமார் 370 கோடி ஆண்டு என்று வருவதும் அதை உலக ஆய்வகங்களின் கவனத்தில் வைத்திருக்கின்றன. இந்திய மண்ணில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பான அமைப்பு இந்திய நிலவியல் ஆய்வகம், சேகரிப்பு கொல்கத்தாவில். அங்கிருந்தோ நாசாவின் அண்டார்டிகா சேகரிப்பிலிருந்தோ மாதிரி கேட்டு எழுதுவது வழிகாட்டியின் பெயரில்தான் நடக்கும். கிடைப்பது பல நேரம் ஒரு கிராமுக்கும் குறைவு. எந்தக் கருவியில், எத்தனை மில்லிகிராம் அழியும், மீதி எப்போது திரும்பும் என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். "கலவையை ஆராய்தல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நிராகரிப்பு நிச்சயம்.

ஆய்வகத்தில் காத்திருக்கும் சிக்கல்கள் சிறியவை, ஆனால் திரும்பப் பெற முடியாதவை. விண்கல் செக்‌ஷனைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், காண்ட்ரைட் எனும் கல்வகை விண்கல்லில் உள்ள இரும்பு-நிக்கல் துகள்கள் துருப்பிடிக்கும், கரையும் உப்புகள் போயே போய்விடும். ஆல்கஹால் பயன்படுத்துவது நல்லது. வழக்கமான 30 மைக்ரான் தடிமன் பலவற்றுக்குப் போதும். ஆனால் லேசர் கொண்டு துளைத்துத் தனிம அளவு எடுக்கப்போகிறீர்கள் என்றால் 100 மைக்ரான் அளவில் தடித்த செக்‌ஷன் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். எலக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் தனிம அளவைக் காணும் எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் 15 கிலோவோல்ட், 20 நானோஆம்பியர் கற்றையை ஒரு மைக்ரான் புள்ளியில் பிளாஜியோகிளேஸ் கனிமத்தின் மீதோ கண்ணாடி மீதோ பாய்ச்சினால் சோடியம் விலகி ஓடும், அளவு குறைவாக வரும். கற்றையை 5 முதல் 10 மைக்ரான் வரை விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து, சோடியத்தை முதலில் அளக்க வேண்டும். ஆக்சைடுகளின் மொத்தக் கூடுதல் 98.5 சதவீதத்துக்கும் 101 சதவீதத்துக்கும் வெளியே போகும் புள்ளிகளை ஒதுக்கிவிடுங்கள்.

கருவி பழுதாவதுதான் இந்த வழியின் முதல் எதிரி. மைக்ரோபுரோப் நின்றுபோனால் உதிரிபாகம் வர மாதங்கள் ஆகும். ஆகவே சேரும் முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களிடம் என்ன கருவி இருக்கிறது?" என்பதல்ல. "கடந்த ஆண்டில் அது எத்தனை மாதம் ஓடியது? நின்றால் மாற்றாக எந்த ஆய்வகம்? அங்கே ஒரு நாள் கட்டணத்தை யார் தருவார்?"

மாதிரிகளைத் திரும்பக் கொண்டுவரும் காலம் இது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2023இல் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் கொண்டுவந்தது. சீனாவின் சாங்-6 கலம் 2024இல் நிலாவின் மறுபக்கத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோ கொண்டுவந்தது. சந்திரயான்-4 மாதிரித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அப்போது இந்திய ஆய்வகங்களுக்கு, அசுத்தம் கலக்காமல் மில்லிகிராம்களைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள். ஆனால் இன்னும் வராத மாதிரியை நம்பி ஆய்வுத் தலைப்பை வைக்காதீர்கள். விண்வெளித் திட்டங்கள் தள்ளிப்போகும், உதவித்தொகைக் காலம் தள்ளிப்போகாது.

களம்

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்தோசைட், நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு நெருக்கமானது. கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் நிறைந்தது. சந்திரயான் தரையிறங்கிகளையும் ஊர்திகளையும் சோதிக்க இஸ்ரோ உருவாக்கிய செயற்கை நிலா மண் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையை அரைத்துச் செய்ததுதான். அதன் தயாரிப்பு முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஊரில் இருக்கும் பாறையே ஆய்வுப்பொருள் என்பது கவர்ச்சியானது. அதனாலேயே எச்சரிக்கையும் தேவை. சித்தம்பூண்டிப் பாறை ஆழத்தில் உருமாற்றம் அடைந்தது. அதில் ஹார்ன்பிளெண்டு என்ற கனிமம் உண்டு, ஹார்ன்பிளெண்டில் ஹைட்ராக்சில் உண்டு. நிலாவின் அனார்தோசைட்டில் ஹார்ன்பிளெண்டு கிடையாது. அரைத்த தூளின் நிறமாலையை அப்படியே சந்திரயான் தரவோடு வைத்து "பொருந்துகிறது" என்று எழுதினால், 2.3 மைக்ரான் பக்கத்தில் தெரியும் சிறு பள்ளம் எங்கிருந்து வந்தது என்று மதிப்பீட்டாளர் கேட்பார். நிலா மண்ணில் நுண்விண்கல் மோதலால் உருகி ஒட்டிய கண்ணாடித் துகள்கள் கணிசமாக உண்டு. அரைத்த பாறையில் அவை இல்லை. எனவே இயந்திரச் சோதனைக்குப் பொருந்தும் மண், நிறமாலை ஒப்பீட்டுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எதற்காக ஒப்பிடுகிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும் ஆய்வு பிழைத்துக்கொள்ளும்.

வேலை முறை: வெயில் மழையில் சிதைந்த மேல்தோலை உடைத்து நீக்கி, ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று கிலோ புதிய பாறை. பட்டா நிலமானால் உரிமையாளரிடம் முதலில் பேசிவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். அரைத்தபின் 45, 90, 125 மைக்ரான் சல்லடைகளில் பிரியுங்கள். நுண்தூள் பெருந்துகள்மேல் ஒட்டிக்கொண்டு நிறமாலையை மாற்றிவிடும் என்பதால் ஆல்கஹால் விட்டு அலசிச் சலிக்க வேண்டும். களத்தில் பயன்படும் கையடக்க நிறமாலைமானிகள் பொதுவாக 2.5 மைக்ரானோடு முடிந்துவிடும். நீர்ப்பட்டை பார்க்க வேண்டுமானால் அகச்சிவப்பு எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

லோனார் பள்ளம் இன்னொரு நல்ல களம். மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்தில், தக்காணத்தின் பசால்ட் எரிமலைப் பாறையில் விழுந்த மோதற்பள்ளம், விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர். பசால்ட் தரையில் இவ்வளவு நன்றாக நிலைத்த மோதற்பள்ளம் பூமியில் அபூர்வம் என்பதால், செவ்வாய், நிலாப் பள்ளங்களோடு ஒப்பிட உலகெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அது வனவிலங்குச் சரணாலயமும் ராம்சார் ஈரநிலமும் ஆகும். வனத்துறை அனுமதி இல்லாமல் கல் எடுக்கக் கூடாது. அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும், எனவே முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மழைக்குப்பின் புதர் மண்டிவிடுவதால் பாறை தெரியும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. கச்சின் மாதானோமட் பகுதியில் ஜாரோசைட் கனிமம் உண்டு. செவ்வாயில் அமில நீர் இருந்ததற்குச் சான்றாக ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி கண்டதும் அதே கனிமம்.

மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், பாறையியல் பலமுள்ள மாணவருக்கு எங்கள் பரிந்துரை கலப்பு வழி. ஆய்வின் பெரும்பகுதி களமாதிரியும் ஆய்வக நிறமாலையும், மீதி சுற்றுப்பாதைத் தரவில் அதைச் சோதித்தல். கருவி நின்றால் படம் இருக்கிறது, படத்தில் மற்றவர் முந்தினால் உங்கள் மாதிரி உங்களிடமே இருக்கிறது. நிரலாக்கம் நன்றாக வரும், களத்துக்குப் போக வசதியோ விருப்பமோ இல்லை என்பவர் முழுக்கப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். பாறை மட்டும் என்ற வழி, நன்றாக ஓடும் ஆய்வகத்தில் இடம் உறுதியான பின்னரே.

எங்கே

இந்தியாவில் கோள் அறிவியலுக்கு முதன்மை இடம் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், சுருக்கமாகப் பி.ஆர்.எல். 1947இல் விக்ரம் சாராபாய் தொடங்கியது. இப்போது விண்வெளித் துறையின்கீழ் இயங்குகிறது. சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியில் தனிமங்களை அளந்த ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவி இங்கே உருவானது. 103 மீட்டர் பாதையில் 23 இடங்களில் அது அளந்த தனிமக் கலவை 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. கருவி செய்தவர்களோடு ஒரே கட்டடத்தில் இருப்பதன் மதிப்பு, தரவில் ஒரு விசித்திரம் தென்படும் நாளில் புரியும். அகமதாபாத்திலேயே உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம், திருவனந்தபுரத்தின் ஐ.ஐ.எஸ்.டி. (இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகம்), ஐ.ஐ.டி.க்களின் புவி அறிவியல் துறைகள் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. கதவு திறக்கும் சாவி சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாள், அல்லது கேட் தேர்வின் நிலவியல்-புவி இயற்பியல் தாள். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000. வாடகைப்படி தனி.

அமெரிக்காவில் ஐந்து ஆறு ஆண்டுகள். எம்.எஸ்சி. இருந்தாலும் பாடங்களை மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் திட்டங்களுக்கு அருகாமை வேறெங்கும் கிடைக்காது. டெம்பியில் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் எல்.ஆர்.ஓ. கேமராவைப் பல ஆண்டுகள் இயக்கியது. டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தின் சந்திர, கோள் ஆய்வகம் ஹைரைஸ் கேமராவை இயக்குகிறது. ஒசைரிஸ்-ரெக்ஸை வழிநடத்தியதும் அதுதான். அங்கே சம்பளம் பேராசிரியரின் நாசா மானியத்திலிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. 2025இல் வெள்ளை மாளிகை முன்வைத்த வரவுசெலவுத் திட்டம் நாசாவின் அறிவியல் ஒதுக்கீட்டை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கச் சொன்னது. அப்படியொரு முன்மொழிவு வந்தாலே பேராசிரியர்கள் புது மாணவரை எடுக்கத் தயங்குவார்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்ட மாணவர் உதவித்தொகை வெளிநாட்டவருக்குக் கிடையாது. ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால், விண்கல வன்பொருள் வேலைகள் பலவற்றில் இந்தியக் குடியுரிமை உள்ளவர் சேர முடியாது. தரவு ஆய்வுக்கு அந்தத் தடை இல்லை. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில். பேராசிரியருக்குக் கடிதம் செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டும்.

ஜெர்மனியில் முனைவர் ஆய்வு ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகும். முதுகலை கட்டாயம், அதனால் நம் எம்.எஸ்சி. வீணாகாது. மூன்று முதல் நான்கு ஆண்டு. மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கோளியல் நிறுவனம் விண்கல்லுக்கும், பெர்லினில் உள்ள டி.எல்.ஆர். (ஜெர்மன் விண்வெளி மையம்) படங்களுக்கும் பெயர் பெற்றவை. தலைப்பு முன்னமே முடிவானதாக இருக்கும். சொந்தக் கேள்வியோடு போகிறவருக்கு அது இறுக்கமாக இருக்கலாம்.

முனைவர் பட்டமே வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த நிலவியல் விஞ்ஞானித் தேர்வு வழியே இந்திய நிலவியல் ஆய்வகத்தில் நிலவியலாளர் ஆகலாம். வீட்டுக்கு வருமானம் உடனே தேவைப்படும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். கேட் தேர்வுக்கான படிப்பே இதற்கும் பெருமளவு உதவும் என்பதால் இரண்டையும் ஒரே ஆண்டில் எழுதுங்கள்.

மக்களிடம் கொண்டுசெல்லும் பணி

இதை ஆய்வுக்கு வெளியே வைத்த பொழுதுபோக்காகப் பார்ப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் கைவிடுகிறார்கள். ஆய்வுத் தலைப்போடு ஒட்டியதாக வைத்தால் நீடிக்கும். சித்தம்பூண்டிப் பாறையை ஆராய்பவர் அந்தப் பாறையையே பள்ளிக்கு எடுத்துப்போகலாம். படம் மட்டும் பார்ப்பவரிடம் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது. களவழியை விரும்ப இதுவும் ஒரு காரணம்.

காணொளி, கட்டுரை, பள்ளி வருகை, ஆசிரியர் பயிற்சி என்று வடிவங்கள் பல. காணொளி நேரத்தை விழுங்கும். பத்து நிமிடத் தமிழ்க் காணொளிக்கு எழுத்து, படத்தேடல், குரல், தொகுப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று முழு நாள்கள் போய்விடும். ஒரு பள்ளிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசினால் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும், அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. செலவழிக்கும் நேரத்துக்கு அதிகப் பலன் தருவது ஆசிரியர் பயிற்சி. முப்பது அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறையைக் கற்றுக்கொடுத்தால் அது ஆண்டுதோறும் வகுப்புகளில் நடக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளுக்கு மாவட்டந்தோறும் ஆசிரியர் தொடர்பு இருக்கிறது. புதிதாகக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படியொரு செய்முறை: 30க்கு 40 சென்டிமீட்டர் தட்டில் வெள்ளைக் கோலமாவை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மேலே இரண்டு மில்லிமீட்டர் வண்ணக் கோலப்பொடியைச் சல்லடையால் தூவுங்கள். ஒரே கோலிக்குண்டை அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரங்களிலிருந்து போட்டுப் பள்ளத்தின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். கீழிருக்கும் வெள்ளை மாவு கதிர்போல வெளியே தெறிக்கும். நிலாவின் டைக்கோ பள்ளத்துக் கதிர்கள் புரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாவைக் கிளறித் தளர்த்தாவிட்டால் இறுகிப்போய் பள்ளம் சிறுக்கும், அளவுகள் தாறுமாறாகும். சாய்வாக எறிந்தால் நீள்பள்ளம் வரும். இங்கேதான் ஆசிரியர் தடுமாறுவார். உண்மையான மோதல் நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறது. பள்ளத்தைத் தோண்டுவது அழுத்த அலை, கல்லின் உருவம் அல்ல. ஆகவே மிகத் தாழ்ந்த கோணத்தில் வந்தால் தவிர, சாய்வாக வந்தாலும் பள்ளம் வட்டமாகவே அமையும். தட்டில் பள்ளம் கோலியைப் போல் சில மடங்குதான், நிலாவில் மோதிய கல்லைப் போல் பத்து இருபது மடங்கு. செய்முறை எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழில் எழுதுவதற்கு ஆள் தேவை மிக அதிகம். சந்திரயான்-3 ஊர்தி 2023 ஆகஸ்டு இறுதியில் கந்தகத்தோடு ஆக்சிஜனும் கண்டறிந்ததாக இஸ்ரோ அறிவித்தபோது, நிலாவில் சுவாசிக்கக் காற்று இருப்பதுபோல் பலர் புரிந்துகொண்டார்கள். லேசர் பட்டுத் தெறித்தது பாறைக் கனிமங்களில் பிணைந்த ஆக்சிஜன். எந்தச் சிலிக்கேட் பாறையிலும் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதுதான். மூன்று வரியில் இதைத் தெளிவாக்க அன்றைக்கு ஒரு கோள் நிலவியல் மாணவர் போதும். செய்தி வந்து 24 மணி நேரத்துக்குள் எழுதினால்தான் பயன். கனிமங்களைப் பிரித்துக் காட்டப் போலி நிறம் பூசிய நிலாப் படங்களைப் பகிரும்போது, நிறம் கணினி கொடுத்தது என்று படத்தின்மேலேயே எழுதுங்கள். கீழே எழுதும் விளக்கம் பகிரும்போது உதிர்ந்துவிடும். நாசா படங்களை மூலம் குறிப்பிட்டுப் பெரும்பாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இஸ்ரோ, ஈசா (ஐரோப்பிய விண்வெளி அமைப்பு) படங்களுக்கு விதிகள் வேறு, ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். குழுவின் வெளிவராத தரவை ஒரு காணொளியில் காட்டிவிட்டால் கட்டுரை வரும்வரை வெளியிடக் கூடாது என்ற ஆய்விதழ்த் தடையிலும் வழிகாட்டியின் கோபத்திலும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள்.

நேரக்கணக்கு: வாரத்துக்கு அரை நாள். தகுதித் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதமும், ஆய்வேடு எழுதும் கடைசி ஆறு மாதமும் பூஜ்யம். இதைச் சேரும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். தேசிய விண்வெளி நாளான ஆகஸ்டு 23ஐ ஒட்டி எல்லாக் கல்லூரிகளும் ஒரே வாரத்தில் அழைக்கும். இரண்டை ஏற்று மற்றவற்றைச் செப்டம்பருக்குத் தள்ளினால், முதல் காற்பிறையில் வானம் தெளிந்த ஒரு மாலையில் தொலைநோக்கியும் வைக்கலாம். முழுநிலவன்று வைத்தால் நிழலே இல்லாமல் பள்ளம் ஒன்றும் தெரியாது.

பரப்பும் பணியே முதல் விருப்பம், ஆய்வு இரண்டாவது என்பவருக்கு முனைவர் பட்டம் தேவையற்ற சுற்றுவழி. அறிவியல் மையங்களிலும் கோளரங்கங்களிலும் உள்ள கல்விப் பணிகள் பலவற்றுக்கு எம்.எஸ்சி. போதும். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் அறிவியல் தொடர்பியலில் முதுகலை உண்டு. கட்டணம் கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்கு அதிகம். உதவித்தொகை உறுதியாகாமல் போக வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை வைத்து இங்கேயே இரண்டாண்டு எழுதிச் சேர்க்கும் தொகுப்பு, வேலை கேட்கும் இடத்தில் அதே அளவு பேசும்.

வழிகாட்டிக்கு எழுதும் முதல் கடிதம் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் தொக்கி நிற்கும் கேள்வி ஒன்று, அதற்கு எந்தத் தரவை அல்லது மாதிரியை வைத்து முயல்வீர்கள் என்பது, நீங்களே செய்த ஒரு வரைபடமோ நிறமாலையோ இணைப்பாக. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். வந்தால், அவரிடம் கேட்கும் முன் அவருடைய இப்போதைய மாணவர் இருவரிடம் தனியாகக் கேளுங்கள்: முன்பிருந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், மாநாட்டுப் பயணத்துக்கு யார் பணம் கொடுத்தார், பள்ளிக்குப் பேசப்போன மாணவரைப் பற்றி அவர் என்ன சொன்னார். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கொண்டே மற்ற இரண்டையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.